கங்கின் மேல் விரித்த கோழி

பொழுது சாய்ந்தபின் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், அசைவ ஓட்டல் வாசல்களில் கரியடுப்பு கனன்றுகொண்டிருக்கும். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரமும் இதே காட்சிதான். கண்ணாடிக் கூண்டுக்குள் கேஸ் சூட்டில் சுழலும் கிரில் சிக்கனை விட்டுவிடுவோம். இரட்டைக் கம்பி வலைக்குள் விரித்த கோழியைப் பூட்டி, கங்கின் மேல் புரட்டிப் புரட்டி எடுக்கிறார்களே, அந்த அல்ஃபாம்தான் நம் விஷயம். அதன் ருசியை மசாலா கணக்கில் எழுதுவது அடுப்பு முன்னால் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம்.

முழுக்கோழியில் ஒரு சிக்கல் உண்டு. நோய்க்கிருமிக்குப் பயந்து நெஞ்சுக்கறியை 74 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகிறோம்; அதற்கு மேல் போகப்போக சாறு வடிந்து சக்கையாகிவிடும். ஓடியாடும் தொடைக்கோ அது போதாது. அங்கே கொலாஜன் என்ற இணைப்புத்திசு அதிகம். அது ஜெலட்டினாக இளகிக் கறி மெத்தென்று ஆக, 80 டிகிரியைத் தொட வேண்டும். கோழியை உருண்டையாகவே சுட்டால், தொடை வேகும்போது நெஞ்சு வறண்டிருக்கும்.

இதற்கு வழி, கோழியை விரிப்பதுதான். முதுகெலும்பின் இருபுறமும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, கோழியைக் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நெஞ்செலும்பு மளுக்கென்று முறியும். இப்போது கோழி தட்டை. கால்களைக் கங்கு அதிகமுள்ள பக்கமும் நெஞ்சை ஓரமாகவும் வைக்கலாம். முதலில் எலும்புப் பக்கம் கீழே இருக்கட்டும். எலும்பு நெருப்புக்குத் தடுப்பாக நின்று, சூட்டை மெதுவாக உள்ளே விடும். பிறகு அடிக்கடி புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் அடிப்பக்கம் கருகிய பிறகும் நடுவில் பச்சையாக இருக்கும்.

கங்கு சுடுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்வீச்சால். அதன் வலிமை, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப எகிறும் என்று 1879இல் கண்டு சொன்னவர் ஜோசப் ஸ்டீஃபன். கங்கு 600 டிகிரி செல்சியஸிலிருந்து 700க்குப் போனால் வீசும் சூடு ஒன்றரை மடங்காகிவிடும். கடற்கரைக் கடைகளில் இதுதான் தலைவலி. நிலம் சூடேறிய பின் கடற்காற்று கிளம்பும். காற்று படும் பக்கத்துக் கங்குக்கு ஆக்சிஜன் கூடுதல். அது தகதகக்க, மறுபக்கம் மந்தமாகும். கிழக்கே ஒரு தகரத்தை நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். நீறு பூத்த நெருப்பை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அந்தச் சாம்பல் போர்வைதான் சூட்டைச் சீராக வைக்கிறது. காற்றுக்குப் பயந்து ரிசார்ட் அறைக்குள் மட்டும் அடுப்பைத் தூக்கிப் போய்விடாதீர்கள். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

“கரி வாசனை” என்று நாம் சப்புக்கொட்டுவது பெரும்பாலும் கரியின் வாசனையே அல்ல. இந்தக் கடலோரச் சவுக்குத் தோப்பு மரமோ, சீமைக் கருவேலமோ, மூட்டத்தில் நன்றாக வெந்த கரிக்கு மணம் குறைவு. கோழியின் கொழுப்பும் சாறும் கங்கில் சொட்டி, ஆவியாகிக் கறியிலேயே வந்து படிகின்றன; மணம் அதுதான். அளவு மீறினால் அதே புகையில் பென்சோபைரீன் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகைப் புற்றுக்காரணியாக வைத்திருக்கிறது. சொட்டு விழுந்து தீ எழும்பினால் வலையை நகர்த்துங்கள், கருகிய தோலைத் தின்னாதீர்கள்.

நாட்டுக்கோழியை இந்த அடுப்புக்குக் கொண்டுவரலாமா? வயது கூடிய பிறகே அறுபடும் அந்தக் கோழியின் கொலாஜன் இறுகிப் பின்னியிருக்கும். கங்கு தரும் குறைந்த நேரத்தில் அது இளகாது. நாட்டுக்கோழி குழம்புக்குப் போகட்டும். இங்கே ஆறேழு வாரத்து பிராய்லர்தான் சரி.

அந்த இளம் கோழியில் எலும்பை ஒட்டி ரோஸ் நிறம் தெரிந்தால் சர்வரோடு சண்டைக்குப் போகிறோம். நன்றாக வெந்த பிறகும் மஜ்ஜையின் நிறம் மெல்லிய எலும்பைத் தாண்டிக் கசியும். நிறத்தை நம்பாமல் தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டர் முள்ளை, எலும்பில் படாமல் இறக்கிப் பார்ப்பதே சரியான சோதனை.