வெளிநாடு போறீங்களா? முதல்ல ஊர் நம்பரைக் காப்பாத்துங்க

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், கோட்டைப்பட்டினம்னு நம்ம மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும், சிங்கப்பூர்லயோ மலேசியாவிலயோ துபாய்லயோ இருக்கிற ஒருத்தரோட வீடு கண்ணுல படும். வேலைக்குப் போனவங்க ஒரு பக்கம்னா, இப்போ ஜெர்மனி, அமெரிக்கான்னு மேற்படிப்புக்குக் கிளம்புறவங்க இன்னொரு பக்கம். திருச்சி ஏர்போர்ட்டும் புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு. அதனால பயணம் ஒண்ணும் நமக்குப் புதுசு இல்ல.

ஊறுகாய், பருப்புப்பொடி, குக்கர் எல்லாம் ஒரு மாசத்துக்கு முன்னாடியே லிஸ்ட் போட்டு எடுத்து வைப்போம். போன் விஷயத்துல மட்டும் "அங்க போய் ஒரு சிம் வாங்கிக்கலாம்"னு விட்டுடுவோம். இது பாதிதான் சரி. ஆறு மாசத்துக்கு மேல தங்கப் போறீங்கன்னா உங்க முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. அங்க எந்த பிளான் எடுக்கறது? இங்க இருக்கிற நம்பரை எப்படி உயிரோட வைக்கறது? எல்லாரும் முதல் கேள்வியைத்தான் யோசிக்கிறாங்க. ஆனா தப்பானா அதிகமா வலிக்கிறது ரெண்டாவதுதான். அதனால அங்கேர்ந்தே ஆரம்பிப்போம்.

ஊர் நம்பர்ல என்னென்ன தொங்கிட்டு இருக்கு?

ஒரு பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்க. வங்கிக் கணக்கு, கல்விக் கடன், ஆதார், டிஜிலாக்கர், வருமான வரி தளம், யூபிஐ, வாட்ஸ்அப், மெயிலோட பாஸ்வேர்டு மீட்பு. இது எல்லாத்துக்கும் சாவி அந்தப் பத்து இலக்கம்தான். கல்விக் கடன் தவணைக்காக அங்கேர்ந்து பணம் அனுப்பி, இங்க இருக்கிற கணக்குல அதைக் கையாளணும்னா ஓடிபி வேணும். ஓடிபி வர நம்பர் வேணும்.

இதுல ஆதார்தான் ரொம்ப முக்கியம். வங்கியில பேசி வெளிநாட்டு நம்பரைச் சேர்த்துக்க வழி இருக்கு. ஆதார் வெளிநாட்டு மொபைல் எண்ணை ஏத்துக்கறது இல்ல. இந்திய நம்பரை விட்டுட்டீங்கன்னா, ஆதார் ஓடிபி கேக்கிற எல்லா வேலையும் நின்னுடும்.

விட்டுப்போன நம்பர் சும்மாவும் இருக்காது. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்துல வந்த ஒரு வழக்கிலும் இந்த நடைமுறை சொல்லப்பட்டது. அப்புறம் உங்க வங்கி அனுப்பற செய்தி முகம் தெரியாத ஒருத்தரோட போனுக்குப் போகும். அவர் வாட்ஸ்அப் தொடங்கினா, அந்த எண்ணுல இருந்த உங்க கணக்கு உங்க போன்ல வெளியேறிடும். அவர் மேல தப்பே கிடையாது. அவர் காசு கொடுத்து ஒரு சிம் வாங்கினார், அவ்வளவுதான்.

20 ரூபாய் விதி: எதைக் காக்கும், எதைக் காக்காது

"சிம்ல 20 ரூபா போட்டு வச்சா போதும், ஒண்ணும் ஆகாது"ன்னு ஊர்ல சொல்வாங்க. அதுக்கு அடிப்படை இருக்கு. டிராய் 2013-ல் கொண்டு வந்த விதிப்படி, ப்ரீபெய்டு நம்பரைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தலன்னாதான் துண்டிக்க முடியும். அப்பவும் கணக்குல 20 ரூபாய் இருந்தா துண்டிக்கக் கூடாது. அதைக் கழிச்சுக்கிட்டு 30 நாள் நீட்டிக்கணும். துண்டிச்ச பிறகும் மீட்க 15 நாள் அவகாசம் உண்டு.

இதுல ரெண்டு இடத்துல கவனமா இருங்க. ஒண்ணு, 'பயன்பாடு'ங்கறதுக்கு அர்த்தம். பேசறது, எஸ்எம்எஸ் அனுப்பறது, டேட்டா பயன்படுத்தறது இதெல்லாம் கணக்குல வரும். உங்களுக்கு *வர்ற* எஸ்எம்எஸ் வராது. தினமும் ஓடிபி வந்துக்கிட்டே இருந்தாலும் அது பயன்பாடு ஆகாது.

ரெண்டாவது, அந்த 20 ரூபாய் நம்பர் உங்க பேர்ல இருக்கறதைத்தான் காக்குது, சேவையை இல்ல. பிளானோட காலம் முடிஞ்சா முதல்ல வெளிய பேசறது நிக்கும், கொஞ்ச நாள்ல உள்ள வர்றதும் நிக்கும். நம்பர் உங்களோடதுதான், ஓடிபி மட்டும் வராது. போஸ்ட்பெய்டுல இருக்கிற 'சேஃப் கஸ்டடி'யும் இதே மாதிரிதான். நம்பரைப் பத்திரமா வைக்கும், சேவை கொடுக்காது.

அப்போ என்ன பிளான்?

நமக்கு இங்க டேட்டா வேண்டாம். செய்தி வந்தா போதும். முன்னெல்லாம் இதுக்குன்னு தனி பிளான் கிடையாது, டேட்டாவோட சேர்ந்ததைத்தான் வாங்கணும். 2024 டிசம்பர்ல டிராய் விதியைத் திருத்தி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் ஒவ்வொரு நிறுவனமும் தரணும்னு சொன்னது. இந்த மாதிரி சிறப்பு வவுச்சரோட காலவரம்பையும் 90 நாள்லேர்ந்து 365 நாளுக்கு உயர்த்தினது. 2025 தொடக்கத்துல ஜியோ, ஏர்டெல், வி மூணும் அப்படி பிளான் கொண்டு வந்தாங்க. நீண்ட கால பிளான் அப்போ 1,750 முதல் 1,850 ரூபாய் வரை இருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 5 ரூபாய். விலை மாறிக்கிட்டே இருக்கும், அதனால செயலியில 'வாய்ஸ் ஒன்லி'ன்னு தேடிப் பாருங்க. நாள் எண்ணிக்கையையும் பாருங்க. 365 நாளும் உண்டு, 336 நாளும் உண்டு. முடியற தேதியை உங்க போன்லயும் வீட்டுல ஒருத்தர் போன்லயும் அலாரமா வச்சிடுங்க.

வெளிநாட்டுல இந்த சிம் வேலை செய்யணும்னா சர்வதேச ரோமிங் திறந்திருக்கணும். பொதுவா ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது. ஆனா ரோமிங்கைத் திறக்கற முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேற. சிலதுல ஒரு பட்டனைத் தட்டினா போதும், சிலதுல தனி ரீசார்ஜ் கேக்கலாம். கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிடுங்க.

அங்க இறங்கினதும் மூணு விஷயம்: இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைச்சிடுங்க. 'தானாக டேட்டா மாற்று'ங்கற அமைப்பையும் அணைச்சிடுங்க. அந்த நம்பருக்கு வர்ற அழைப்பை எடுக்காதீங்க, ரோமிங்ல நீங்க எடுத்தா உங்களுக்குத்தான் காசு போகும்.

"சிம்மை அம்மா போன்லயே போட்டுட்டுப் போறேன், ஓடிபி வந்தா சொல்லுவாங்க"ன்னு பலர் செய்றாங்க. அவசரத்துக்குச் சரி. ஆனா இந்திய நேரம் ராத்திரி 2 மணிக்கு உங்களுக்கு ஓடிபி தேவைப்படலாம். யூபிஐ செயலிகளும் பல வங்கிச் செயலிகளும் சிம் அதே போன்ல இருக்கான்னு பாக்கும். முதல் முறை பதியும்போது உங்க சிம்லேர்ந்தே ஒரு எஸ்எம்எஸ் போகணும். அதனால சிம் உங்க கூடவே வரட்டும். புது போன் வாங்கறதா இருந்தா ஊர்லயே வாங்கி, எல்லாச் செயலியையும் இங்கேயே பதிஞ்சுட்டுப் போங்க.

சிம்மை இ-சிம்மா மாத்தறதும் அப்படித்தான். சிம் மாத்தினா பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க. கிளம்பற அன்னைக்கு அந்த வேலையைத் தொடாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க.

இன்னொரு விஷயம்: வெளிநாட்டுல குடியிருக்கப் போனா, ஃபெமா விதிப்படி உங்க சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும். படிக்கப் போறவங்களுக்கும் இது பொருந்தும். மாத்தும்போதே வெளிநாட்டு நம்பரையும் மெயிலையும் பதிய முடியுமான்னு கேளுங்க. 2023-லேர்ந்து சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட சில நாடுகளோட நம்பர்லயே, என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கு இருந்தா யூபிஐ பயன்படுத்த அனுமதி இருக்கு. உங்க வங்கி அதைத் தருதான்னு மட்டும் பாக்கணும்.

இப்போ அங்க எடுக்கிற பிளான்

முதல் விஷயம், இந்திய ரோமிங் பேக் நீண்ட காலத்துக்கு ஆகாது. அது பெரும்பாலும் 1 நாள், 10 நாள், 30 நாள்னு சுற்றுலாவுக்குன்னே செஞ்சது. முதல் ரெண்டு நாளுக்கு வேணும்னா பரவாயில்ல. ஏர்போர்ட்ல விக்கிற டூரிஸ்ட் சிம்மும் அப்படித்தான், சில நாள்ல காலாவதி ஆயிடும். அந்த நம்பரை அங்க வங்கியில கொடுத்துட்டா அப்புறம் மாத்த அலையணும்.

உள்ளூர் பிளான் எடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க. எத்தனை மாசம் கண்டிப்பா இருப்பேன்? கையில இப்போ என்ன அடையாள ஆவணம் இருக்கு? ஊர்ல யாரோட, எப்படிப் பேசப் போறேன்? நாட்டுக்கு நாடு பதில் மாறும்.

*சிங்கப்பூர்:* பாஸ்போர்ட் அல்லது வேலை அனுமதி காட்டி ப்ரீபெய்டு வாங்கலாம். ஒருத்தர் பேர்ல மூணு ப்ரீபெய்டு சிம் வரைக்கும்தான். "உன் பேர்ல ஒண்ணு எடுத்துக் கொடு"ன்னு யார் கேட்டாலும் மறுத்துடுங்க, அந்த சிம்மை வச்சு என்ன நடந்தாலும் கேள்வி உங்ககிட்டதான் வரும். அனுமதி அட்டை வந்த பிறகு, ஒப்பந்தம் இல்லாத 'சிம் ஒன்லி' பிளானைப் பாருங்க. போனோட சேர்ந்த ரெண்டு வருஷ ஒப்பந்தம் அவசரப்பட்டு வேண்டாம். சிங்பாஸ், பேநவ் எல்லாமே அந்த நம்பர்லதான் இயங்கும். 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் நம்ம யூபிஐயும் இணைஞ்சிருக்கு. அதனால ஒரே நம்பரைக் கடைசி வரை வச்சிருக்கறது நல்லது.

*துபாய், ஷார்ஜா:* இங்க வாட்ஸ்அப்ல செய்தி போகும், ஆனா குரல், வீடியோ அழைப்பு பொதுவா வேலை செய்யாது. அனுமதி பெற்ற போட்டிம் மாதிரியான செயலி வேணும், இல்லன்னா இந்தியாவுக்குப் பேச நிமிஷம் உள்ள பிளான் வேணும். எத்தனை ஜிபிங்கறதை விட எத்தனை இந்திய நிமிஷம்ங்கறதுதான் இங்க முக்கியம். வீட்டுல அப்பத்தா பட்டன் போன் வச்சிருந்தா இன்னும் முக்கியம். எமிரேட்ஸ் அடையாள அட்டையைப் புதுப்பிச்சா சிம் பதிவையும் புதுப்பிங்க.

*ஜெர்மனி:* ப்ரீபெய்டு சிம்முக்கும் 2017 முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஆல்டி டாக், லிடில் கனெக்ட் மாதிரி மளிகைக் கடைச் சங்கிலிகளே மலிவான ப்ரீபெய்டு விக்கிறாங்க. விலையைப் பாக்கும்போது மாசம் வேற, நாலு வாரம் வேறங்கறதை மறக்காதீங்க. நாலு வார பிளானுக்கு வருஷத்துக்கு 12 இல்ல, 13 தடவை காசு கட்டணும். கவர்ச்சியான விளம்பரங்கள்ல பல 24 மாச ஒப்பந்தம். முதல் காலம் முடிஞ்ச பிறகு ஒரு மாச முன்னறிவிப்புல வெளியேறலாம்னு 2021 டிசம்பர்லேர்ந்து சட்டம் இருக்கு, ஆனா முதல் காலம் உங்களைக் கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள சுத்தினா தனி ரோமிங் கட்டணம் இல்ல. சுவிட்சர்லாந்து அதுல சேராது, பிளான்ல தனியா சொல்லியிருக்கான்னு பாருங்க.

*அமெரிக்கா:* போஸ்ட்பெய்டுக்குக் கடன் வரலாறு பாப்பாங்க, போன புதுசுல உங்களுக்கு அது இருக்காது. ப்ரீபெய்டுல ஆரம்பிங்க. நாலு பேர் சேர்ந்து குடும்ப பிளான் எடுத்தா தலைக்கு மலிவு. ஆனா யார் பேர்ல பில் வருதோ அவர் ஊர் மாறினா மத்தவங்க நம்பர் என்ன ஆகும்னு முதல்லயே பேசிக்கங்க.

உங்க போன் அங்க வேலை செய்யுமா?

பல நாடுகள்ல 3ஜி மூடியாச்சு. மலேசியாவில 2021 இறுதியில, அமெரிக்காவில 2022-ல், ஆஸ்திரேலியாவில 2024 அக்டோபர்ல. இப்போ பேசறதுக்கே 4ஜி வழி, அதாவது வோல்டிஇ வேணும். இந்தியாவில வாங்கின போன்ல வோல்டிஇ இருந்தாலும், அங்க இருக்கிற நிறுவனம் அந்த மாடலை ஏத்துக்கணும். ஆஸ்திரேலியாவில 4ஜி வழியா அவசர எண்ணுக்குப் பேச முடியாத போனை நெட்வொர்க்லயே விடறது இல்ல. *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ எண்ணையும் மாடல் எண்ணையும் வச்சு, அந்த நாட்டு நிறுவனத்தோட தளத்துல சரிபாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.

வரிசையா சொன்னா

ஒரு மாசம் முன்னாடி: நம்பரோட தொங்கற கணக்குகளோட பட்டியல், போன் சரிபார்ப்பு, வங்கியில பேச்சு. ரெண்டு வாரம் முன்னாடி: இ-சிம் மாத்தறதா இருந்தா மாத்தறது, செயலிகளைப் பதியறது. கடைசி வாரம்: ஒரு வருஷ பிளான், ரோமிங் திறப்பு. இறங்கின அன்னைக்கு: டேட்டா ரோமிங் அணைப்பு, ஓடிபி வருதான்னு ஒரு சோதனை. முதல் வாரம்: உள்ளூர் ப்ரீபெய்டு. மூணாவது மாசம்: எவ்வளவு டேட்டா, எவ்வளவு நிமிஷம் நிஜமா செலவாகுதுன்னு பாத்துட்டு, அப்புறமா ஒப்பந்தத்தைப் பத்தி யோசிங்க. ரெண்டரை மாசம் ஆனதும் இந்திய சிம்லேர்ந்து வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க. அதுக்கு ரோமிங் கட்டணம் உண்டு, ஆனா 90 நாள் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

உங்க அண்ணனோ சித்தப்பாவோ ஏற்கெனவே அங்க இருக்காங்கன்னா, இன்னைக்கே ஒரு போன் போட்டு "ஊர் நம்பர் இன்னும் ஓடுதா?"ன்னு கேளுங்க. பிளான் முடிஞ்சு கிடந்தா நீங்களே இங்கேர்ந்து ரீசார்ஜ் பண்ணிடலாம்.