இடுப்பு எலும்பு முறிவுச் சிகிச்சையும் மருத்துவமனைப் பதிவுகளின் துல்லியமும்: கம்பைநல்லூரை முன்வைத்து

முதியோர்க்கு நேரும் இடுப்பு எலும்பு முறிவு பெரும்பாலும் நின்ற நிலையிலிருந்து விழுவதால் ஏற்படுகிறது. அறுவைச் சிகிச்சை தாமதமாகும்போது படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, குருதி உறைவு ஆகியவற்றிற்கான வாய்ப்பு மிகுகிறது. ஆகவே, அறுவைக்கு முன் கழிந்த நேரமும் 30 நாள்களுக்குள் நிகழும் இறப்பும் சிகிச்சைத் தரத்தின் முதன்மை அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டையும் மருத்துவமனைப் பதிவுகள் எந்த அளவிற்குச் சரியாக உணர்த்துகின்றன என்பது ஆராயத்தக்கது.

இவ்வளவுகோல்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது பிரித்தானியாவில் 2007இல் தொடங்கப்பெற்ற தேசிய இடுப்பு எலும்பு முறிவுத் தரவுத்தளமாகும். இங்கிலாந்தில் நோயாளி மருத்துவமனையை அடைந்ததிலிருந்து 36 மணி நேரத்திற்குள் அறுவை நிகழ்வது நற்சிகிச்சையின் கூறாகக் கருதப்படுகிறது. விழுந்தவர் பெரும்பாலும் ஆம்புலன்சில் விரைவில் கொண்டுவரப்படும் சூழலில், மருத்துவமனை வாயிலிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவது பெரிய பிழையை விளைவிப்பதில்லை.

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் நிலைமை வேறு. அங்கு மூதாட்டி ஒருவர் வீட்டுப் புழக்கடையில் விழுந்தார் எனக் கொள்வோம். வெறும் பிடிப்பு என எண்ணித் தைலம் தேய்க்கப்படுகிறது. பின்னர் நாட்டு வைத்தியக் கட்டு. ஐந்தாம் நாள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மறுநாளே அறுவை நடந்தால் பதிவேட்டின்படி தாமதம் ஒரு நாள். நோயாளியின் உடல் அறிந்த தாமதமோ ஆறு நாள். பதிவில் பொய்யேதும் இல்லை. கேஸ் ஷீட்டின் நோய் வரலாற்றுப் பகுதியில் ‘ஐந்து நாள்களுக்கு முன் விழுந்தார்’ என்று மருத்துவர் எழுதியும் இருக்கலாம். ஆனால் அனுமதித் தேதியையும் அறுவைத் தேதியையும் மட்டுமே கொண்டு கணக்கிடுவோரை அக்கையெழுத்து வரி சென்றடைவதில்லை.

நோய்க்குறியீட்டிலும் இத்தகைய இழப்பு உண்டு. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிவு எஸ் 72.0, அதற்குக் கீழுள்ள புடைப்புப் பகுதி முறிவு எஸ் 72.1. முன்னதற்குச் செயற்கை மூட்டும் பின்னதற்கு உலோகப் பொருத்தும் பெரிதும் பயன்படுவதால் இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. ‘தொடை எலும்பு முறிவு’ என்று மட்டும் எழுதினால் அது எஸ் 72.9 ஆகி, ஒப்பீட்டிற்கு உதவாமற் போகிறது.

மிகப் பெரிய இடைவெளி இறப்பில் உள்ளது. சுயவிருப்பத்தின் பேரில் வெளியேறியவர், வீடு திரும்பி மூன்றாம் வாரம் இறந்தவர் இருவரும் மருத்துவமனைக் கணக்கில் உயிருடன் சென்றவர்களே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் கீழ் வீட்டில் நிகழும் இறப்பும் பதியப்படுகிறது. எனினும் காரணம் ‘முதுமை’ எனக் குறிக்கப்பட்டால் முறிவுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. நோயாளிகளை விரைவாக வெளியேற்றும் மருத்துவமனை இதனால் சிறந்ததாகத் தோன்றவும் கூடும். பிரித்தானியத் தரவுத்தளம் குடிமைப் பதிவுகளுடன் இணைக்கப்பெற்றிருப்பதன் பயன் இங்குதான் விளங்கும்.

தமிழகத்தில் இதற்கான கருவி இல்லாமலில்லை. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. அப்பணியாளர் நோயாளியைக் காணும் நாளில் அவர் உயிருடன் உள்ளாரா, நடக்கிறாரா என்னும் இரு செய்திகள் உள்நோயாளி எண்ணுடன் சேர்த்துக் குறிக்கப்பெறின், 30ஆம் நாள் நிலையை அறிய வழி பிறக்கும். விழுந்த தேதிக்கெனத் தனிக் கட்டம் ஒன்றை அனுமதிப் படிவத்தில் சேர்ப்பது அதனினும் எளிது.