நகாசுக் கந்தை

'கந்தை' என்ற சொல் நம்மில் யாருக்கும் பிடிப்பதில்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும்போதுகூட, வேறு வழியில்லாதவனுக்குச் சொல்லும் ஆறுதலாகவே அது ஒலிக்கிறது. இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் வீண் மனத்தாங்கல் ஒன்று வந்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

1989 டிசம்பர். அப்போது கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். பிரசவத்துக்காகக் கும்பகோணம் போயிருந்த என் மனைவி, மூன்று மாதக் குழந்தையோடு திரும்பியிருந்தாள். பக்கத்து வீட்டு வங்காள அம்மையாரை எல்லோரையும் போல நாங்களும் 'மாஷிமா' என்றே அழைப்போம். அவர் ஒரு சின்னப் போர்வையைக் கொண்டுவந்து குழந்தைமேல் போர்த்தி, "காந்தா, காந்தா" என்றார். பழைய புடவையில் தைத்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவர் போனபின் என் மனைவி, "தலைச்சன் குழந்தைக்குக் கந்தையைக் கொண்டுவந்து போத்தறாங்களே!" என்று கண்கலங்கினாள். போர்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

சில நாள் கழித்து அலுவலக நண்பர் ஒருவரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த அம்மாள் அதைத் தைக்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். அன்றுதான் இந்தச் சொல்லைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

என் மனைவி சொல்லைத் தவறாகக் கேட்கவில்லை. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம் 'கந்தை'யும் வங்காளிகள் மூக்கால் ஒலிக்கும் 'காந்தா'வும் அதே குடும்பம். அங்கும் அது ஏழையின் துணிதான். கிழிந்த காந்தாவில் படுத்துக்கொண்டு லட்ச ரூபாய்க்குக் கனவு காண்பது என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. சொல் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பெண்கள் செய்ததுதான் வேறு.

நைந்துபோன புடவைகளையும் வேட்டிகளையும் நாலைந்து அடுக்காகத் தரையில் விரித்து, ஓரங்களை மடித்துத் தைத்துக்கொள்வார்கள். புடவைக் கரையிலிருந்து வண்ண நூல்களை உருவி எடுப்பார்கள். பிறகு ஊசியை ஏற்றி இறக்கி நேராகப் போகும் சாதாரண ஓட்டுத் தையலால் துணி முழுவதையும் நிரப்புவார்கள். தனியாக இழுத்தால் கிழியக்கூடிய துணிகள், நெருங்கிய தையலால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு தையலும் துணியைச் சற்றே சுருக்குவதால், மேற்பரப்பு காற்றடித்த குளத்து நீர்போல மெல்லிய அலையாகத் தெரியும். என் பொறியியல் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

பயனைப் பொறுத்துப் பெயர் மாறும். குளிருக்குப் போர்த்தும் தடித்த காந்தா 'லேப்'. விரிப்பாகப் பயன்படுவது 'சுஜனி'. கண்ணாடி, சீப்பைச் சுற்றி வைப்பது 'ஆர்ஷிலதா'. நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரம், இடையில் யானை, குதிரை, பல்லக்கு என்று சித்திரம் நிறைந்திருந்தால் அது 'நக்ஷி காந்தா'. இந்த 'நக்ஷி'யும் நமக்கு அந்நியமல்ல. நாம் 'நகாசு வேலை' என்கிறோமே, அதோடு உறவுள்ள சொல்தான். ஆகவே நக்ஷி காந்தாவைத் தமிழில் 'நகாசுக் கந்தை' என்று தாராளமாகச் சொல்லலாம். இரண்டு சொல்லும் நம்மிடம் இருந்தன. அவற்றைச் சேர்த்துச் சொல்லத்தான் நமக்குத் தோன்றவில்லை.

கவிஞர் ஜசிமுத்தீன் 1929-ல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தங்கள் வாழ்க்கையையே ஒரு காந்தாவில் தைக்கிறாள். அவள் இறந்தபின் அது அவள் கல்லறைமேல் விரிக்கப்படுகிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த காந்தாக்களில், மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த ஒன்று புகழ்பெற்றது. விற்பதற்காகத் தைத்தவை அல்ல இவை. பிள்ளைக்கும் கணவனுக்கும் தகப்பனுக்கும் தைத்தவை.

இன்று கடையில் 'காந்தா ஒர்க்' என்று கேட்டால் புதுப் பட்டில் அந்தத் தையல் போட்ட புடவையை எடுத்துக் காட்டுவார்கள். போர்வையின் பெயர் தையலின் பெயராகிவிட்டது. இதனால் பல கிராமப் பெண்களுக்குப் பிழைப்புக் கிடைத்திருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கலைக்காக 2023-ல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும் 2024-ல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வாங்குபவர்கள் புடவையின் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். தையல் அங்கும் தெரியாவிட்டால் அது வெறும் அச்சு.

பொருநராற்றுப்படையில், வேறு வேறு இழை நுழைத்துத் தைத்த கந்தலோடு வரும் பொருநனுக்குக் கரிகாலன் அந்தக் கந்தலை நீக்கிவிட்டு, பூவேலை செய்த மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். கந்தல் போய்ப் பூத்துணி வருவது அரசனின் கொடை. கொடுக்க அரசன் இல்லாத வங்காளக் குடிசையில், பெண்கள் கந்தலின் மேலேயே பூவைத் தைத்துவிட்டார்கள்.

நாமும் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில்தானே ஏந்துகிறோம்? தூளி கட்டுவதும் பழைய நூல்புடவையில்தான். பழந்துணியின் மென்மை நமக்கும் தெரியும். ஆனால் குழந்தை வளர்ந்ததும் அதைப் பாத்திரக்காரியிடம் போட்டுவிடுகிறோம். என் தாயாரின் சுங்குடிப் புடவைகள் அப்படித்தான் ஓர் எவர்சில்வர் அடுக்காக மாறின. அந்த அடுக்கு இப்போது எங்கே என்று தெரியவில்லை.

மாஷிமா கொடுத்த காந்தாவை அன்று மாலையே என் மனைவி இறக்கிக் குழந்தைக்குப் போர்த்தினாள். மாஷிமாவிடம் போய் உட்கார்ந்து தையலும் கற்றுக்கொண்டாள். மாஷிமா இன்று இல்லை. அவர் தைத்த காந்தாவில் இப்போது எங்கள் பேத்தி தூங்குகிறாள். துவைத்துத் துவைத்து இன்னும் மெத்தென்று ஆகியிருக்கிறது.

அடுத்த முறை பாத்திரக்காரி கதவைத் தட்டும்போது, அம்மாவின் புடவையில் இரண்டையாவது எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். தைக்கச் சொல்லித் தர நம் பக்கத்து வீட்டிலேயே யாராவது இருப்பார்கள்.