ஒலிபெருக்கிப் பெட்டி: கட்டுவதா, வாங்குவதா?

ஒலிபெருக்கியின் உள்ளே இருக்கும் கூம்பையும் அதன் பின்னால் உள்ள காந்தத்தையும் பெட்டியிலிருந்து கழற்றி, வெறும் மேசைமேல் வைத்து ஒலிக்கச் செய்து பார்த்தவர்கள் திடுக்கிடுவர். பெட்டிக்குள் இருந்தபோது கம்பீரமாக முழங்கிய மிருதங்கம், இப்போது தகரப் பேணியைத் தட்டுவது போலக் கேட்கும். பாடகரின் குரல் சுரம் கண்டவரின் குரலாகிவிடும். கூம்பு பழுதடைந்துவிட்டதோ என்று ஐயுறத் தோன்றும். கூம்பிலே யாதொரு குறையும் இல்லை. பெட்டி இல்லை, அவ்வளவே.

காரணம் எளியது. கூம்பு முன்னோக்கி அசையும்போது முன்னாலுள்ள காற்றை நெருக்குகின்றது. அதே கணத்தில் பின்னாலுள்ள காற்றை ஐதாக்குகின்றது. தாழ்ந்த சுருதிகளின் அலைகளோ மிக நீண்டவை. விநாடிக்கு 40 முறை அதிரும் ஓசையின் அலை ஏறக்குறைய எட்டரை மீற்றர் நீளமுடையது. அத்துணை நீண்ட அலைக்கு ஓர் அடி அகலமுள்ள கூம்பு ஒரு தடையே அன்று. முன்பக்கத்து நெருக்கம் விளிம்பைச் சுற்றி ஓடிப் பின்பக்கத்து வெற்றிடத்தை நிரப்பிவிட, ஓசை பிறந்த இடத்திலேயே மடிகின்றது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பதே பெட்டியின் முதற் கடமை. ஆகவே பெட்டி என்பது வீட்டுத் தளபாடம் அன்று. அது வாத்தியத்தின் ஓர் உறுப்பு. வீணைக்குப் பலாமரக் குடம் எப்படியோ அப்படி எனலாம். ஆனால் உவமை அவ்வளவில் நின்றுவிட வேண்டும். வீணையின் குடம் தந்தியோடு சேர்ந்து அதிர வேண்டும்; ஒலிபெருக்கியின் பெட்டியோ அதிரவே கூடாது. நல்ல மரம், ஆகையால் நல்ல நாதம் என்று எண்ணி மெல்லிய பலகையாற் பெட்டி செய்தவர் பலர், தாம் கேட்பது பாடகரின் குரலையா பலகையின் குரலையா என்று அறியாமலே காலங் கழித்திருக்கின்றனர்.

இந்தப் பெட்டியைத் தாமே கட்டிக்கொள்வதா, கட்டி முடித்ததை வாங்குவதா என்பது இசைப்பிரியர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. இடைவழியும் ஒன்று உண்டு. கூம்புகள், கம்பிச் சுருள்கள், பலகை அளவுகள், செய்முறைக் கையேடு ஆகிய யாவும் ஒருங்கே அடங்கிய ‘கிற்’ என்னும் உறுப்புத் தொகுதியை வாங்கி வீட்டிலே பூட்டுவதே அது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையும் பல வார ஓய்வு நாள்களையும் ஒருங்கே முடக்கும் காரியமாதலால், தவறான முடிவு செய்தவர் இரட்டிப்பாக இழக்கின்றார்.

இன்று நாம் அறிந்த கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். அதன்பின் வந்த முதற் சில பத்தாண்டுகளில் ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே பெரிய மதில் எதுவும் இருக்கவில்லை. இங்கிலாந்தின் யோக்ஷயரில், துணி வாணிகத்தில் ஈடுபட்டிருந்த கில்பேட் பிரிக்ஸ் என்பவர் 1932இல் இல்க்லி என்னும் ஊரில் தம் வீட்டு நிலவறையிலேயே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். வோர்ப்டேல் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் அந்த நிலவறையிற் பிறந்தது. 1948இல் ஒலிபெருக்கிகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்கு விளங்கும் நடையில் அவர் ஒரு நூலும் எழுதினார். தம் வாடிக்கையாளர்களிற் பலர் தாமே பெட்டி செய்பவர்கள் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். இரண்டு மெல்லிய பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பினால் பலகை அதிராது என்பது அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. 1954இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் மக்களைக் கூட்டி, மேடையில் நேரில் வாசித்த இசையையும் ஒலிபெருக்கி வழி வந்த இசையையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து அவர்களையே ஒப்பிடும்படி விட்டார். இந்தத் துணிவு எல்லா வியாபாரிகளுக்கும் வாய்ப்பதன்று.

அதே ஆண்டில் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்னும் ஆசிரியர், ஹென்றி குளொஸ் என்னும் இளைஞருடன் சேர்ந்து, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்துவது அவருடைய யோசனை. முதன்முதலிற் பரிசோதனைக்காகச் செய்த கூம்பின் விளிம்பை மெத்தை உறைத் துணியில் வெட்டிப் பொருத்தினார். அலுமாரி அளவான பெட்டியில் மட்டுமே கேட்கக்கூடியதாயிருந்த தாழ்ந்த சுருதி, புத்தகத் தட்டில் வைக்கும் பெட்டிக்கும் கைவந்தது.

எனினும் அந்நாள்களிற் பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கைப்பழக்கமும் தட்டித் தடவிப் பார்ப்பதுமாகவே இருந்தது. சமையலில் உப்புப் போடுவது போல என்று சொன்னாலும் பிழையில்லை. இந்நிலையை மாற்றியவர் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல். காற்றுத் துளையுள்ள பெட்டிகளைப் பற்றி அவர் 1961இல் வெளியிட்ட கட்டுரையின் அருமையை உலகம் உணரப் பத்தாண்டுகள் சென்றன. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த றிச்சாட் ஸ்மோல் அதனை விரித்து, 1972, 1973ஆம் ஆண்டுகளில் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். அவர்கள் காட்டிய வழியில் மூன்று எண்கள் தலையாயவை. கூம்பு தன்னியல்பில் விநாடிக்கு எத்தனை முறை துள்ளுகின்றது? அந்தத் துள்ளல் எவ்வளவு விரைவில் அடங்குகின்றது? கூம்பைத் தாங்கும் தொங்கலின் விறைப்பு எத்தனை லீற்றர் காற்றின் விறைப்புக்கு ஒப்பானது? இம்மூன்றும் தெரிந்தால், பெட்டியின் கொள்ளளவையும் காற்றுத் துளையின் நீள அகலத்தையும் ஒரு பலகையையேனும் அறுக்குமுன் கணக்கிட்டுவிடலாம். ஆலையின் இரகசியமாக இருந்தது கூட்டல் பெருக்கல் தெரிந்த எவருக்கும் பொதுவாயிற்று. வீட்டிலே கட்டுபவருக்குக் கிடைத்த வரங்களுள் இதைவிடப் பெரிது வேறில்லை.

ஆனால் கணக்குத் தாழ்ந்த சுருதியோடு நின்றுவிடுகின்றது; தொல்லை மேலே தொடங்குகின்றது. ஒரே கூம்பு எல்லா ஓசைகளையும் செவ்வனே எழுப்ப மாட்டாது. ஆகையால் தாழ்ந்த ஓசைக்கு ‘வூபர்’ எனப் பெரிதொன்றும், உயர்ந்த ஓசைக்கு ‘ட்வீற்றர்’ எனச் சிறிதொன்றும் வைப்பர். வரும் மின்னோட்டத்தைப் பிரித்து உரியதை உரியதற்கு அனுப்பும் சுற்றைக் ‘குறொஸ் ஓவர்’ என்பர். ஒலிபெருக்கியின் குணம் பெரிதும் இங்கேதான் உருவாகின்றது.

பி.பி.சி. நிறுவனத்தார் 1970களின் தொடக்கத்தில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்கென வடிவமைத்த எல்.எஸ். 3/5 ஏ என்னும் சிறிய ஒலிபெருக்கி இதற்கு நல்ல சான்று. அதன் உயரம் ஓர் அடி. அதன் இரு கூம்புகளும், மெய்ட்ஸ்ரன் நகரில் றேமண்ட் குக் என்பவர் 1961இல் தொடங்கிய கெப் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அதே கூம்புகளை எவரும் விலைக்கு வாங்கலாம் என்றிருந்தது. பெட்டியின் அளவும் இரகசியமன்று. எனினும் கூம்புகளை வாங்கிப் பெட்டிக்குள் மாட்டியவர்களுக்கெல்லாம் எல்.எஸ். 3/5 ஏ கிடைத்துவிடவில்லை. அதன் குறொஸ் ஓவர் இரு கூம்புகளின் மேடு பள்ளங்களையும் அளந்து அளந்து நேராக்கிய நுட்பமான வேலை. அதன் ஒவ்வோர் உறுப்பும் அந்தக் கூம்புகளுக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டுமே பொருந்துவது. பின்னாளிற் கூம்புகளின் தன்மை சிறிது மாறியபோது, அந்தச் சுற்றையும் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

நல்ல கிற் ஒன்றை வாங்குபவர் விலை கொடுப்பது உண்மையில் இந்த அளவைக்கே. மரவேலை தம்முடையது, கணக்கும் அளவையும் வேறொருவருடையவை. இதை மறந்தவர்களே இடறி விழுகின்றனர். கையேட்டிற் குறித்த ட்வீற்றருக்குப் பதிலாக மலிவான வேறொன்றைப் பொருத்துவார் ஒருவர். முகப்புப் பலகை அகலமாக இருந்தால் அழகென்று எண்ணி அதனை இரு விரற்கடை கூட்டுவார் மற்றொருவர். முகப்பின் அகலம் மாறினால் நடுச்சுருதிகளின் ஏற்றத்தாழ்வும் மாறும் என்பதை அவர் அறியார். உள்ளே வைத்த தாங்குசட்டங்கள் கொள்ளளவைக் குறைக்கும் என்பதையும் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை. இரண்டு கம்பிச் சுருள்களை அருகருகே ஒரே போக்கில் வைத்தால், ஒன்றின் காந்தப் புலம் மற்றதைத் தாக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தள்ளி வைத்தல் வேண்டும். மூட்டுகளிற் பசை குறைந்து ஊசி நுழையும் இடைவெளி விழுந்தாலும், தாழ்ந்த சுருதி வரும்போதெல்லாம் காற்று சீறும். கூம்புகளிற் கூட்டல் முனை எது, கழித்தல் முனை எது என்று ஐயம் வந்தால், ஒன்றரை வோல்ற்று மின்கலத்தைக் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம். மின்கலத்தின் கூட்டல் முனை கூம்பின் கூட்டல் முனையைத் தொடும்போது வூபர் முன்னோக்கி அசையும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹீத் கொம்பனி 1947 முதல் மின்னணுக் கருவிகளைக் கிற்றுகளாக விற்று உலகப் பெயர் பெற்றது. அதன் கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் எதிரே, முடிந்ததும் அடையாளமிடுவதற்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கும். மாணவருக்குப் பாடஞ் சொல்லத் தெரிந்த எவரோ எழுதியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அந்நிறுவனமும் 1992இல் கிற் விற்பனையை நிறுத்தியது. ஆலைகளில் இயந்திரங்களே உறுப்புகளைப் பூட்டத் தொடங்கியபின், கையாற் பூட்டுவதில் மிச்சம் இல்லாமற் போயிற்று. ஒலிபெருக்கிக் கிற்றுகள் மட்டும் இன்னும் வாழ்கின்றன. கணினி வழிநடத்தும் இயந்திரத்தால் வெட்டிய பலகைகளுடனேயே பல வருகின்றன. பசையும் இறுக்கியும் பொறுமையும் போதும்.

அப்படியாயிற் பணத்தில் எது ஆதாயம்? குறைந்த விலைப் பெட்டிகளில் ஆலையை வெல்ல எவராலும் முடியாது. அது ஆயிரக்கணக்கிற் கூம்பு வாங்கும் விலை வேறு, தனியொருவர் இரண்டு வாங்கும் விலை வேறு. சிக்கனத்துக்காக மட்டும் கட்ட எண்ணுபவர் கடைக்குப் போய், கேட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்குவதே நன்று. கிற்றைக் கட்டி முடிக்குமுன் கேட்டுப் பார்க்க இயலாது. பின்னர் விற்க நேர்ந்தால் வாங்குவாரும் அரிது. விலையுயர்ந்த பெட்டிகளிலோ நிலைமை வேறு. அங்கே மெருகுக்கும் விளம்பரத்துக்கும் வியாபாரியின் பங்குக்கும் கொடுக்கும் பணத்தை, கட்டுபவர் கூம்புகளிலேயே செலவிடலாம். ஆலை செய்ய விரும்பாதவற்றையும் செய்யலாம். மணல் நிரப்பிய பலகையைக் கப்பலேற்ற எந்த ஆலைக்கு மனம் வரும்? வீட்டின் மூலையில் அசையாமல் நிற்கும் பெட்டிக்குப் பாரம் ஒரு குறையன்று.

கட்டியவர் ஒன்றில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மூன்று மாதம் பாடுபட்டவரின் காது நடுநிலை தவறுவது இயல்பு. தாம் அறுத்த பலகையிலிருந்து வரும் இசை, முதல் நாள் இரவில், எப்பொழுதும் இனிமையாகவே இருக்கும். பெட்டியை யார் செய்தார் என்று சொல்லாமல், நன்கு பழகிய குரலொன்றைப் பிறருக்குக் கேட்கச் செய்து அபிப்பிராயம் கேட்பது நல்லது. இந்நாள்களில் அளவை ஒலிவாங்கிகள் மலிந்துவிட்டன. கணினியோடு இணைத்து, மேடு பள்ளங்களைப் படமாகவே பார்த்துவிடலாம்.

இலங்கை போன்ற ஈரலிப்பு மிகுந்த நாடுகளில் இன்னுமொன்றையும் கவனித்தல் வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வெட்டுவாயில் ஈரம் பட்டால் ஊதிப் பருக்கும். வெட்டுவாய்களை வர்ணம் பூசி அடைத்துவிட வேண்டும், அல்லது நல்ல ஒட்டுப்பலகையைத் தெரிந்தெடுக்க வேண்டும். கூம்பின் விளிம்பு பஞ்சு போன்ற நுரைப் பொருளால் ஆனதாயின், சில ஆண்டுகளில் விரல் பட்டவுடன் பொடியாக உதிரும். இறப்பர் விளிம்பு நீண்டகாலம் உழைக்கும். உதிர்ந்த விளிம்பைக் களைந்து புதிது ஒட்டுவது ஒரு பிற்பகல் வேலைதான். பெட்டியைத் தாமே கட்டியவருக்கு எந்தத் திருகாணியைக் கழற்ற வேண்டும் என்று தெரியும். கடையில் வாங்கியவர் வழக்கமாக முழுப் பெட்டியையும் வீசிவிடுகின்றார்.