மலைமேல் ஒரு வாக்குச் சாவடி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

தமிழ்நாட்டில் மிகுதியாக வாக்களிக்கும் தொகுதி எது என்று வினவினால், படித்தவர்கள் நிறைந்த ஏதேனும் ஒரு நகரத்தைத்தான் நம்மில் பலர் கூறுவோம். உண்மை வேறு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மாநிலத்தின் சராசரி 69.72 விழுக்காடு. மத்திய சென்னையில் 53.96. நம் தருமபுரியிலோ 81.20! மாநிலத்திலேயே முதலிடம். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் நம் பாலக்கோடு 87.33 விழுக்காட்டுடன் முன்னே நின்றது. சென்னை வேளச்சேரி 55.95 உடன் கடைசியில் நின்றது.

"எல்லாம் காசு செய்யும் வேலை" என்று பட்டணத்து நண்பர்கள் நகைப்பதுண்டு. காசு நடமாடவில்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் காசு பட்டணத்திலும்தானே நடமாடுகிறது? அங்கே வரிசை ஏன் நீளவில்லை?

நான் சித்தேரி மலையில் பிறந்தவன். அறுபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் ஊராட்சி அது. மக்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் மரவள்ளியும் பயிரிடுவோர். ஓட்டுப் போடாவிட்டால் ரேஷன் கார்டு போய்விடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் நம்புகின்றனர். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. ஆயினும் அந்த அச்சத்தில் ஒரு கணக்கு உண்டு. சாதிச் சான்றோ, சாலையோ, மருந்தோ எதுவானாலும் மலையிறங்கிக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாங்கள். அதிகாரிகள் தாமாக மலையேறி வந்து, பெயரைக் கூப்பிட்டு, விரலில் மை வைக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை மீதேற்றி வாக்குப்பதிவு இயந்திரம் கொண்டு செல்லப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்படி வந்து சேரும் நாளை யார் வீணாக்குவார்? திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலிக்குப் போனவர்கள் கூட அன்று பேருந்தேறி வந்துவிடுகிறார்கள்.

சரி, எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? சாதியையும் கூட்டணியையும் மட்டும் வைத்து இதை அளப்பவர்கள் வாச்சாத்தியை மறந்துவிடுகிறார்கள். சித்தேரி மலையடிவாரத்து ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே நடத்திய கொடுமையை வெளிக்கொணர்ந்து வழக்காடியவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2006இலும் 2011இலும் அரூர்த் தொகுதி அக்கட்சியின் டில்லிபாபுவையே தேர்ந்தெடுத்தது. முதல் முறை தி.மு.க. கூட்டணி, அடுத்த முறை அ.தி.மு.க. கூட்டணி, அந்தப் பலமும் உண்டு, மறுக்கவில்லை. இருப்பினும் துன்பத்தில் படியேறி வந்தவர் யார் என்பதை மலைமக்கள் எளிதில் மறப்பதில்லை. கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களில் நெடுங்காலம் கட்சியைவிடச் சாலையைப் பற்றிய பேச்சே பெரிதாக இருந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணித மாணவன் என்பதால் இது என் கண்ணில் உறுத்துகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் டிக்ஸ்வில் நாட்ச் என்றொரு மலைச்சிற்றூர். அங்கே தேர்தல் நாள் பிறந்ததும் நள்ளிரவிலேயே வாக்களித்து, உடனே எண்ணி அறிவித்துவிடுவார்கள். 2020இல் பதிவான ஐந்து வாக்குகளும் பைடனுக்கு. அந்த ஐவரும் யாருக்கு வாக்களித்தனர் என்று உலகுக்கே தெரிந்துவிட்டது! அவர்களுக்கு அது ஒரு திருவிழா. சாலை கேட்டு மனுவோடு நிற்கும் ஊருக்கு அது திருவிழாவாகுமா?

நம் நாட்டிலும் இயந்திரங்கள் சாவடி சாவடியாகவே எண்ணப்படுகின்றன. தனி மனிதரின் வாக்கு மறைவாயிருக்கும். சிற்றூரின் சாய்வு வெளிச்சமாகிவிடும். "உங்கள் ஊரில் எங்களுக்கு எத்தனை விழுந்தது?" என்று பிறகு யாரும் கேட்கலாம். வாக்குச் சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு இடமுண்டு என்று தேர்தல் ஆணையம் கருதினால் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின், பதினான்கு இயந்திரங்கள் வரை இணைத்து மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியை 2008இல் ஆணையம் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் அதையே பரிந்துரைத்தது. கட்சிகளுக்குச் சாவடிக் கணக்கு வேண்டியிருக்கிறது போலும்; கருவி நடைமுறைக்கு வரவில்லை.

கூட்டல் கணக்குத்தான், எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே கற்றுத் தந்துவிட்டார்கள்.