உங்களுக்குத் தெரியுமா? கரமனைவாசிகளுக்கு ஒரு ரஹ்மான் ஸ்பெஷல்!

சினிமாப் பாட்டா? அதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஏ.ஆர். ரஹ்மான் மேடையிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் நாற்காலியிலும் செய்து வைத்திருக்கும் வேலைகளைப் பார்ப்போமா? ஆமாம், நாற்காலியிலும்தான்!

ஒரு படம். பெயர் 'லே மஸ்க்'. இசை ரஹ்மான். டைரக்‌ஷனும் ரஹ்மான்! 2022 மே மாதம் பிரான்ஸின் கான் நகரில் காட்டினார்கள். தியேட்டர் கிடையாது, திரை கிடையாது. கண்ணில் விஆர் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இசை எழும்போது நாற்காலி திரும்பும், ஆடும். அதோடு விட்டதா? வாசனையும் வரும்! காட்சிக்குத் தகுந்த சென்ட் உங்கள் மூக்குக்கே வந்து சேரும்! கதையே வாசனையைப் பற்றித்தான். வாசனையை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய கணக்கைத் தீர்க்கக் கிளம்புகிறாள் ஒரு பெண். படப்பிடிப்பு ரோம் நகரில். கதைக்கான பொறி? மனைவி சாய்ரா பானு கொடுத்தது!

அதற்கும் முன்பே, 2006-ல், கனடாவின் டொரன்டோவில் ஒரு மேடை நாடகம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. இசை: ரஹ்மானும், ஃபின்லாந்தின் வார்த்தினா நாட்டுப்புறக் குழுவும், கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும். சென்னையும் ஹெல்சின்கியும் ஒரே மெட்டில்! 2007-ல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டருக்கு வந்தது. அந்த மேடையின் எடை எவ்வளவு தெரியுமா? 40 டன்! தரைக்குள் சுழலும் வட்டங்கள் மூன்று. மேலும் கீழும் போகும் லிஃப்டுகள் 17! எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது கம்ப்யூட்டர். அதன்மேல் ஆடிய நடிகர்களுக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம்!

ரஹ்மான் இசை லண்டன் மேடை ஏறியது அது முதல் தடவையும் இல்லை. 2002 ஜூன் 19. 'பாம்பே ட்ரீம்ஸ்' அரங்கேற்றம். தயாரிப்பாளர் யார்? ஆண்ட்ரூ லாயிட் வெபர்! 'ஷக்கலக்க பேபி' பாட்டுக்கு மேடையிலேயே நிஜ நீரூற்று பீய்ச்சியது. இரண்டு வருஷம் ஓடி, நியூயார்க் பிராட்வேக்கும் போனது!

வயலின் நட்சத்திரம் வனெஸ்ஸா-மே 2004-ல் வாசித்த 'ராகாஸ் டான்ஸ்' யார் இசை? நம்மாள்தான்!

துபாயில் ஃபிர்தௌஸ் என்று ஓர் ஆர்கெஸ்ட்ரா. வழிகாட்டி ரஹ்மான். வாசிப்பவர்கள் 50 பேர். அத்தனை பேரும் பெண்கள்!

இப்போது திருவனந்தபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 'ரோஜா'வுக்குக் கேமரா பிடித்த சந்தோஷ் சிவன் எந்த ஊர்? திருவனந்தபுரம்! ரஹ்மானின் முதல் மலையாளப் படமான 'யோதா'வின் டைரக்டர் சங்கீத் சிவன்? அதே வீடு, அவருடைய அண்ணன்! 'ரோஜா' வந்தது 1992 ஆகஸ்ட் 15. அடுத்த மாதமே 'யோதா'!

2009-ல் ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அதே படத்துக்கு, அதே இரவில், ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி எங்கே சட்டம் படித்தார்? திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில்!



இன்னும் பின்னால் போவோம். ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் இசையமைப்பாளராக அறிமுகமானது மலையாளத்தில்தான். படம் 'பழசி ராஜா', 1964! மகன் சின்னப் பையனாக ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசித்த மலையாளப் படம் 'அடிமச்சங்ஙல', 1981. கூப்பிட்டு உட்கார வைத்தவர் இசையமைப்பாளர் அர்ஜுனன் மாஸ்டர்! அப்போது ரஹ்மானுக்கு ரஹ்மான் என்ற பெயரே கிடையாது. திலீப்!

கரமனை மட்டும் சளைத்ததா? 1900-ல் மறைந்த நீலகண்ட சிவன் இங்கே இருந்துதான் தமிழில் கீர்த்தனைகளாகப் பாடித் தள்ளினார். அவருடைய பஜனை மரபில் ஊறி வளர்ந்த ஒரு பையன் பிற்பாடு கீர்த்தனையும் எழுதினார், சினிமாவுக்குப் பாட்டும் எழுதினார், 1936-ல் குசேலராகவே திரையில் வந்து நின்றார். யார்? பாபநாசம் சிவன்! பல துறையில் கால் வைப்பதெல்லாம் நம்ம பக்கத்தில் பழைய வழக்கமய்யா!

ரஹ்மானுக்கே திரும்புவோம். கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு தெருவுக்கு ரஹ்மான் பெயர் வைத்தது 2013-ல். மனசு ஆறவில்லை போலிருக்கிறது. 2022-ல் இன்னொரு தெரு!

கடைசியாக ஒரு பந்தயச் சரக்கு. 'யோதா'வுக்கு அப்புறம் ரஹ்மான் இசையில் வந்த அடுத்த மலையாளப் படம் எது? பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் கேளுங்கள். 'ஆடுஜீவிதம்' என்று அடித்துச் சொல்வார். தப்பு! 'மலையன்குஞ்சு', 2022. நடுவில் 30 வருஷம்! ஜெயித்தால் கரமனை ஜங்ஷனில் எனக்கும் ஒரு சாயா சொல்லிவிடுங்கள்!