மண்வள அட்டையில் விடுபட்ட கட்டம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழை செழிக்கும் ஸ்ரீரங்கம் தீவை எல்லோருக்கும் தெரியும். அதே ஸ்ரீரங்கம் தாலுகாவில், திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் போனால் களர் மண். இன்னும் தென்மேற்கே மணப்பாறை, மருங்காபுரி என்றால் சோளமும் கடலையும் மழையை நம்பி நிற்கும் மானாவாரி நிலம். அங்கே விவசாயி கையில் இருப்பது 2015-இல் அறிமுகமான மண்வள அட்டை. தழை, மணி, சாம்பல் சத்துகளில் தொடங்கி போரான் வரை 12 அளவுகள் அதில் உண்டு. மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதை நேரடியாகச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. கரிம அளவு இருக்கிறதே என்பார்கள். அது மாற ஆண்டுகள் ஆகும். மண் நுண்ணுயிரிகளின் நொதிகளோ ஓரிரு பருவத்திலேயே மாற்றத்தைக் காட்டிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது டிஹைட்ரஜனேஸ். நுண்ணுயிரிகள் சுவாசிக்க உதவும் இந்த நொதி, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும். டிடிசி என்ற உப்பின் நிறமற்ற கரைசலை மண்ணில் கலந்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தால் சிவப்பு நிறம் உண்டாகும். சிவப்பு எவ்வளவு அடர்த்தியோ, உயிரோட்டமும் அவ்வளவு.

யூரியேஸ் அப்படியல்ல. 1926-இல் ஜேம்ஸ் சம்னர், நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான அவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த நொதி இது. முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதியும் இதுவே. செல் செத்த பிறகும் களித்துகளில் ஒட்டிக்கொண்டு இயங்கும். அதனால் இதை மட்டும் அளந்து மண் நலம் என்று சொன்னால் தவறாகிவிடும். களர் மண்ணில் மேலாக யூரியாவைத் தூவினால், இந்த நொதி பிரித்துவிடும் அம்மோனியா காற்றில் போய்விடும். அது விவசாயி கொடுத்த காசு.

இந்தியாவின் நீண்டகால உரச் சோதனை வயல்களில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று: ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்தியைவிட, தொழுவுரமும் சேர்ந்த பாத்தியில் டிஹைட்ரஜனேஸ் அதிகம். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறையில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர்ச் செயல்பாடு சட்டென்று எகிறும். ஆகவே வயல் மண்ணையும், பக்கத்தில் உழாமல் கிடக்கும் நிலத்தின் மண்ணையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

மணிச்சத்தை நிறத்தால் அளக்கும் கருவி மண் பரிசோதனை நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. டிஹைட்ரஜனேஸுக்கும் அதே வகைக் கருவி போதும். நாவலூர் குட்டப்பட்டிலேயே அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இருக்கிறது. 13-ஆவது கட்டத்தை மானாவாரி விவசாயிகளின் அட்டையிலிருந்து தொடங்க வேளாண் துறை முன்வர வேண்டும்.